ஐந்து சதவீதம் போதும் என்றவர்கள்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்பது ஒரு முதலின் வட்டியில் நடக்கும் காரியம். ஒருவர் ஒரு தொகையை ஒதுக்கி, முதலைத் தொடாமல் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் இதைச் செய்யுங்கள் என்று எழுதிவைக்கிறார். வட்டி நல்ல காரியத்துக்குப் போகிறது. அந்த முதல் எங்கே போய் உழைத்து வட்டியைக் கொண்டுவருகிறது என்று யாரும் கேட்பதில்லை. வங்கி வைப்பாக இருந்தால் அந்தக் கேள்வி அவ்வளவாக உறுத்தாது. முதல் என்பது வீடாக, கடைத்தெருவாக, குடியிருப்பாக இருந்தால் வட்டிக்குப் பெயர் வாடகை. வாடகை கொடுப்பவரும் மனிதர், அறத்தின் பலனைப் பெறுபவரும் மனிதர். ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கிறோம். வாங்கும் இடத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது அறத்தின் கணக்கில் சேருமா, சேராதா? இன்று பேச எடுத்துக்கொண்டது இதைத்தான்.

இந்தக் கேள்வியைக் கணக்கு வழக்கோடு, ஐம்பது ஆண்டுகளுக்குச் செயலில் சோதித்துப் பார்த்த ஊர் லண்டன். 1860களில் தொடங்கி முதல் உலகப் போர் வரை அங்கே நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் சாதித்ததும் எழுத்தில் இருக்கிறது, சறுக்கியதும் எழுத்தில் இருக்கிறது. அறச்சொத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டுமே பாடம்.

அன்றைய லண்டனுக்குள் ரயில் பாதைகள் நுழைந்துகொண்டிருந்தன. பாதை போட மலிவாகக் கிடைத்தது ஏழைகள் குடியிருந்த நிலம். இடித்த வீட்டுக்கு மாற்றுவீடு கொடுக்க யாரும் முன்வரவில்லை. துறைமுகத்திலும் சந்தையிலும் அன்றாடக் கூலி தேடுகிறவர்கள் நடந்துபோகும் தூரத்தில்தான் குடியிருக்க முடியும். ஆகவே மிச்சமிருந்த வீடுகளில் அறைக்கு ஒரு குடும்பம் என்று அடைத்துக்கொண்டார்கள். திருவல்லிக்கேணி ஒண்டுக்குடித்தனத்தை அறிந்தவர்கள், அதிலிருந்து முற்றத்தையும் கிணற்றையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் ஓரளவு புரியும்.

அந்தக் காலத்துப் பண விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டிஷ் அரசின் கடன்பத்திரம் நூற்றுக்கு 3 தந்தது. முதலுக்கு அச்சமில்லை. சேரி வீட்டை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விட்டவர்கள் இதைவிடப் பன்மடங்கு எடுத்தார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் சிலர் ஒரு கோடு போட்டார்கள்: வீடு கட்டுவோம், வாடகைக்கு விடுவோம், பங்குதாரர்களுக்கு ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் ஈவு கொடுக்கமாட்டோம். 1841இல் தொடங்கிய ஒரு சங்கம் இதற்கு முன்னோடி. 1863இல் சிட்னி வாட்டர்லோ என்ற அச்சுத்தொழில் முதலாளி இதே விதியில் ஒரு நிறுவனம் தொடங்கினார். 1885இல் ராத்சைல்டு பிரபு கிழக்கு லண்டனில் வாழ்ந்த யூத ஏழைகளை மனத்தில் வைத்துத் தொடங்கிய நிறுவனத்துக்கு ‘நான்கு சதவீதத் தொழிலாளர் குடியிருப்பு நிறுவனம்’ என்றே பெயர் வைத்தார். தமக்கு எவ்வளவு போதும் என்பதை நிறுவனத்தின் பெயர்ப்பலகையிலேயே எழுதிவைத்தார்கள். அந்தத் துணிவை நான் மிகவும் மதிக்கிறேன்.

இவர்களுக்குப் பக்கத்திலேயே தூய நன்கொடையும் இருந்தது. ஜார்ஜ் பீபாடி அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1795இல் பிறந்தவர், லண்டனில் வங்கித் தொழில் செய்து பெரும் செல்வராக ஆனவர். 1862இல் லண்டன் ஏழைகளுக்காக 1,50,000 பவுண்டு கொடுத்தார். பின்னர் அதைக் கூட்டிக் கூட்டி 5,00,000 பவுண்டாக்கினார். பங்குதாரர் யாரும் இல்லை. ஆனாலும் அறங்காவலர்கள் வீடுகளை இலவசமாகக் கொடுக்கவில்லை. சுமார் 3 சதவீதம் வரும்படியாக வாடகை வைத்து, அந்த வருவாயைக் கொண்டு அடுத்த கட்டடத்தைக் கட்டினார்கள். 1864இல் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதியில் கமர்ஷியல் தெருவில் 57 வீடுகளும் 9 கடைகளுமாக முதல் கட்டடம் திறக்கப்பட்டது. அந்த நிறுவனத்திடம் இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருக்கின்றன. ஒருமுறை கொடுத்த பணம் வாடகையாகத் திரும்பி வந்து மறுபடி வீடானதுதான் இதற்கு அடிப்படை. தானமாகக் கொடுத்துத் தீர்த்திருந்தால் முதல் தலைமுறையோடு முடிந்திருக்கும்.

இனி ஆக்டேவியா ஹில். என் பேச்சின் நடுநாயகம் இவர்தான். 1838இல் பிறந்தவர். குடும்பம் நொடித்துப்போனதால் இளவயதிலேயே உழைக்க வந்தவர். ஓவியங்களைப் பார்த்து வரைந்து கொடுக்கும் வேலையில் கலை விமர்சகர் ஜான் ரஸ்கினுக்குப் பழக்கமானார். 1864இல் ரஸ்கினின் தந்தை இறந்து பெரும் சொத்து கைக்கு வந்தது. ஏழைகளுக்கு வீடு என்ற தம் கனவை ஹில் அவரிடம் சொன்னார். ரஸ்கின் பணம் போடச் சம்மதித்தார். ஆனால் முதலுக்கு 5 சதவீதம் வரவேண்டும் என்றார். அவருக்குப் பணத்தாசை இல்லை. கணக்கில் நிற்கும் முயற்சி என்று தெரிந்தால்தான் மற்றவர்களும் பின்பற்றுவார்கள் என்பது அவர் எண்ணம். 1865இல் லண்டனின் மேரிலபோன் பகுதியில் பாரடைஸ் பிளேஸ் என்ற சந்தில் மூன்று வீடுகளின் 56 ஆண்டுக் குத்தகையை 750 பவுண்டுக்கு வாங்கினார்கள்.

அந்த வீடுகள் இருந்த நிலையை ஹில்லே எழுதியிருக்கிறார். சுவரின் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. கூரை ஒழுகும் தண்ணீரைப் பிடிக்க மாடிப்படியில் வாளி வைத்திருந்தார்கள். படிகளில் வெளிச்சமே இல்லை. கைப்பிடிகளைக் குடியிருந்தவர்கள் பிடுங்கிக் குளிருக்கு எரித்துவிட்டார்கள். தண்ணீர்த் தொட்டி ஒழுகியது.

ஹில் முதலில் கழிவுநீரையும் குடிநீரையும் சரிசெய்தார். அதற்கு மேல் அவசரப்படவில்லை. வாரந்தோறும் தாமே வீடு வீடாகப் போய் வாடகை வாங்கினார். வாடகையில் கண்டிப்பு உண்டு, பாக்கி வைத்தால் காலி செய்யவேண்டியதுதான். மறுபக்கம், வீட்டுக்காரர் செய்யவேண்டியதிலும் அதே கண்டிப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று ரிப்பேருக்குத் தனித் தொகை ஒதுக்கினார். உடைசல் குறைந்து அந்தத் தொகையில் மிச்சம் விழுந்தால், அதை என்ன செய்வது என்று முடிவுசெய்வது குடியிருப்பவர்கள். அலமாரி வேண்டுமா, துணி துவைக்கும் தொட்டி வேண்டுமா, அவர்களே சொல்வார்கள்.

கைப்பிடியை எரித்தவர்களுக்கும் இப்போது கைப்பிடியைக் காப்பாற்றுவதில் ஒரு பங்கு வந்துவிட்டது. எந்த உபதேசத்தாலும் வராத மாற்றம், கணக்குப் புத்தகத்தில் ஒரு தலைப்பை மாற்றி எழுதியதால் வந்தது. ரிப்பேர்ப் பணம் வீட்டுக்காரரின் இலாபத்திலிருந்து வெட்டப்படும் செலவாக இருக்கும்வரை, குழாய் ஒழுகினால் அது சண்டைதான். ஹில் அதை இலாபக் கணக்கிலிருந்தே பிரித்து வெளியே வைத்தார். 5 சதவீதத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டதால், அதற்கு மேல் மிச்சப்படுத்த அவருக்கு ஆசை எழ வழியில்லை.

சிறு சிறு காரியங்கள் இன்னும் உண்டு. மாடிப்படியும் நடையும் கழுவ அந்த வீடுகளில் இருந்த சற்று வளர்ந்த பெண்களுக்கே கூலி கொடுத்தார். அவசரமில்லாத ரிப்பேர் வேலைகளை வேலையில்லாத மாதங்களுக்கென்று தள்ளிவைத்து, அப்போது வேலையிழந்து நின்ற குடித்தனக்காரருக்குக் கொடுத்தார். ஒரே அறையில் நெருக்கிக்கொண்டிருந்த குடும்பங்களுக்கு இரண்டாவது அறையைச் சற்றே கூடுதலான வாடகைக்குத் தந்தார். ஒன்றரை ஆண்டில் கணக்கு எழுதியபோது, முதல் முழுவதற்கும் 5 சதவீத வட்டி கொடுத்து, முதலிலும் 48 பவுண்டு திருப்பியிருந்தார்.

அடுத்த ஆண்டே ரஸ்கின் மேலும் சில வீடுகள் வாங்கினார். அதோடு குழந்தைகள் விளையாட ஒரு திடலும் வந்தது. பணமுள்ள பலர் தங்கள் சொத்தை ஹில்லிடம் ஒப்படைத்தார்கள். அவர் பயிற்றுவித்த பெண்கள் வாடகை வாங்கப் போனார்கள். வீட்டு நிர்வாகம் என்ற தொழிலே பெண்களுக்கு அங்கிருந்துதான் திறந்தது. ரஸ்கினோ 1870களில் வட்டி வாங்குவதே பாவம் என்ற முடிவுக்கு வந்து அதைக் கடுமையாக எழுதினார். ஹில்லோடும் பிணக்கு ஏற்பட்டது. வட்டியே கூடாது என்ற ரஸ்கின், அளவான வட்டி என்ற ஹில், இந்த இரு வழிகளில் ஏழையின் வீட்டுக்கூரையைச் சரிசெய்தது எது என்று என்னைக் கேட்டால் தயங்காமல் ஹில்லின் வழி என்பேன்.

இந்தச் சிந்தனை நம் கரைக்கும் வந்தது. எடின்பரோவில் பாட்ரிக் கெடஸ் என்ற நகரமைப்பு அறிஞர் 1885இல் தொடங்கிவைத்த சங்கம் ஹில்லின் முறையிலேயே பழைய வீடுகளைச் செப்பனிட்டு நிர்வகித்தது. அதே கெடஸ் 1914இல் இந்தியா வந்தார். அவருடைய நகரமைப்புக் கண்காட்சிப் பொருள்களை ஏற்றிவந்த கப்பலை, சென்னையில் குண்டு போட்ட அதே ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் கடலில் மூழ்கடித்தது. புதிதாகத் திரட்டி அனுப்பிய பொருள்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னையிலேயே கண்காட்சி நடத்தினார். சென்னை மாகாணத்து ஊர்களைச் சுற்றிப்பார்த்து அறிக்கை எழுதினார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் தெருக்களை இடித்து நேராக்கும் திட்டம் இருந்தது. அங்கங்கே சில சிதைந்த வீடுகளை மட்டும் நீக்கினால் காற்றும் வெளிச்சமும் வரும், செலவு மிகக் குறையும், குடியிருப்பவர் வெளியேற வேண்டியதில்லை என்று காட்டினார். பழைய வீட்டைச் செப்பனிட்டால்தான் குறைந்த வாடகை கட்டுப்படியாகும் என்பது அவரும் ஹில்லும் ஒத்துப்போகும் இடம்.

இனி சறுக்கலைச் சொல்லவேண்டும். ஐந்து சதவீதத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகையைக் கொடுக்க முடியாதவர்கள் என்ன ஆனார்கள்? பீபாடி கட்டடங்களின் விதிகளைப் படித்துப் பாருங்கள். வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் அம்மை குத்தியிருக்கவேண்டும். வாடகை வாரத்துக்கு முன்பணமாகக் கட்டவேண்டும், பாக்கி என்ற பேச்சே இல்லை. உள்வாடகை கூடாது, கடை வைக்கக்கூடாது. நடையைத் தினமும் காலை பத்து மணிக்குள் பெருக்கவேண்டும். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது. இரவு பதினொரு மணிக்கு மாடிப்படி விளக்கு அணைந்துவிடும். மூட்டைப்பூச்சி அண்டாமலிருக்க உள்சுவர்களுக்குப் பூச்சே இல்லாமல் வெறும் செங்கலாக விட்டார்கள். கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் பொது. காவலரும் தபால்காரரும் நிலையான கூலி உள்ள தொழிலாளியும் இதில் நன்றாக வாழ்ந்தார்கள். தள்ளுவண்டிக்காரரும் வீட்டிலேயே வேலை செய்து பிழைத்த விதவையும் நாளுக்கு நாள் கூலி மாறும் துறைமுகத் தொழிலாளியும் வாசலிலேயே நின்றுபோனார்கள். ஹில்லின் முறையிலும் இந்தக் குறை உண்டு. வாடகை தவறாதவரே அவருக்கு நல்ல குடித்தனக்காரர். அரசாங்கமே ஏழைகளுக்கு வீடு கட்டித்தருவதை அவர் கடைசிவரை எதிர்த்தார். அதை நான் ஏற்கமுடியாது.

பின்னாளில் சமூக ஆய்வாளர் பியாட்ரிஸ் வெப் என்று அறியப்பட்ட பியாட்ரிஸ் பாட்டர், 1885இல் லண்டன் துறைமுகத்தை ஒட்டிய கேதரின் பில்டிங்ஸ் என்ற கட்டடத்தில் வாடகை வாங்கும் பொறுப்பை ஏற்றார். மிகக் குறைந்த கூலிக்காரருக்கென்றே கட்டியது. ஒற்றை அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. இன்னும் மலிவாக்கவேண்டும் என்று கட்டடத்தையே மலிவாக்கிவிட்டார்கள். பாட்டரும் அவருடன் பணிபுரிந்த எல்லா பைக்ராஃப்ட் என்ற பெண்ணும் ஒரு பேரேடு வைத்து, ஒவ்வொரு அறையிலும் யார் இருக்கிறார்கள், என்ன தொழில், எங்கிருந்து வந்தார்கள், ஏன் போனார்கள் என்று எழுதிவைத்தார்கள். அந்தப் பேரேடு இன்றும் இருக்கிறது. வாடகைப் பாக்கிக்குப் பின்னால் இருந்தது சோம்பல் அல்ல, வேலையின்மைதான் என்ற உண்மை அந்த வேலையில் பாட்டருக்கு உறைத்தது. வீட்டு நிர்வாகத்தால் வறுமையைத் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை அவருக்கு அங்கேயே கரையத் தொடங்கியது.

இன்னொன்றும் உண்டு. இதை அதிகம் பேர் பேசுவதில்லை. 1875இல் வந்த கிராஸ் சட்டப்படி நகர நிர்வாகம் சேரிகளைக் கையகப்படுத்தி, இடித்து, மனையைக் குடியிருப்பு நிறுவனங்களுக்கு விற்றது. வாங்கிய விலையைவிட மிகக் குறைந்த விலைக்கு விற்றது. பீபாடி அறக்கட்டளை அப்படிப் பல மனைகளைப் பெற்றது. அந்த நட்டத்தை ஏற்றது வரி கட்டிய பொதுமக்கள். ஆக, நகரத்தின் நடுவில் நிலத்தை முழு விலைக்கு வாங்கி, ஏழைக்குக் கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு கட்டி, அதிலும் ஒரு வரும்படி காண்பது அன்றே கடினமாகத்தான் இருந்தது. நிலவிலையில் யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்தால்தான் அது நடக்கிறது. அந்த விட்டுக்கொடுப்பைக் கணக்கில் காட்டாமல், வணிக முறையிலேயே சாதித்தோம் என்று சொல்வது சரியல்ல.

போர் வந்ததும் இந்த ஏற்பாடு முடிந்தது. 1915இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. கட்டுமானச் செலவு ஏறியது. 1917இல் அரசாங்கமே போர்க்கடன் பத்திரத்துக்கு 5 சதவீதம் தர முன்வந்தது. எந்தச் சிரமமும் இல்லாத அரசுப் பத்திரத்தில் 5 கிடைக்கும்போது, குழாயும் கூரையும் பார்த்து 5 எடுக்க யார் வருவார்கள்? ஐந்து என்ற எண்ணுக்குத் தனிப்பட்ட புனிதம் கிடையாது என்பதை அப்போது பார்த்தோம். அன்றைய பாதுகாப்பான வட்டியைவிடச் சற்று மேலே, சந்தை தரக்கூடியதைவிட நன்கு கீழே என்ற இடைவெளியில்தான் அதன் உயிர் இருந்தது. 1919க்குப் பிறகு நகராட்சிகள் பெருமளவில் வீடு கட்டத் தொடங்கின.

இனி இங்கிலாந்துச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். அறங்காவலராக இருப்பவர்கள் இங்கே சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்களுக்கும் இது யோசிக்கவேண்டிய விஷயம். ஆக்ஸ்ஃபோர்டு பிஷப் ரிச்சர்ட் ஹாரிஸ், இங்கிலாந்துத் திருச்சபையின் சொத்து ஆணையர்கள் மீது தொடுத்த வழக்கில் 1991இல் தீர்ப்பு வந்தது. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவோடு தொடர்புள்ள நிறுவனங்களில் முதலீடு செய்வது பற்றிய வழக்கு. நீதிபதி நிக்கல்ஸ் ஒரு பாகுபாடு செய்தார். அறநிறுவனத்தின் சொத்தில் ஒருவகை, அதன் நோக்கத்துக்கே பயன்படுவது: பள்ளிக் கட்டடம், மருத்துவமனை. இன்னொருவகை, வருமானத்துக்காக வைத்திருப்பது. இரண்டாவது வகையில் அறங்காவலரின் கடமை, விவேகத்தோடு இயன்றவரை கூடுதல் வருமானம் ஈட்டுவது. முதலீடு அறநோக்கத்துக்கே நேர்விரோதமாக இருந்தாலோ, ஆதரவாளர்கள் விலகிப்போகும் நிலை வந்தாலோதான் விலக்கு.

தீர்ப்பு தெளிவானது. ஆனால் ஹில்லின் வீடுகளை இதில் எந்த வகையில் வைப்பது? அவை வருமானம் தந்தன, நோக்கமும் அவற்றிலேயே இருந்தது. இந்தக் கேள்வி ஏட்டளவில் நிற்கவில்லை. ஹில் 1884 முதல் அந்த ஆணையர்களுக்கு முன்பிருந்த திருச்சபை ஆணையர்களின் வீடுகளைத் தெற்கு லண்டனில் நிர்வகித்தவர். 1903இலிருந்து வால்வொர்த் பகுதியில் அவர்களைக் கொண்டு நல்ல வீடுகள் கட்டவைத்தார். நூறாண்டு கழித்து, 2005-06இல், அவர் பெயரைத் தாங்கிய ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை ஆணையர்கள் விற்றார்கள். வாங்கியவை ஒரு வீட்டுவசதிச் சங்கமும் ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனமும். குடியிருந்தவர்கள் போராடினார்கள். ஆணையர்கள் பக்கமும் நியாயம் உண்டு. அந்த வருமானத்தை நம்பி ஓய்வுபெற்ற பாதிரியார்கள் இருந்தார்கள். யாருக்கும் தீங்கு நினைக்காதவர்கள் கூடி, கடமை தவறாமல் எடுத்த முடிவு அது. அதனால்தான் எனக்கு இது கூடுதலாக வலிக்கிறது.

பின்னர் சட்டம் சற்று வழிவிட்டது. வருமானம், அறநோக்கம் இரண்டையும் சேர்த்துக் கருதி முதலீடு செய்யலாம் என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் அறங்காவலர்களுக்கு வெளிப்படையாக அதிகாரம் தந்தது. 2022இல் பட்லர்-ஸ்லாஸ் வழக்கில், வருமானம் குறையக்கூடும் என்று தெரிந்தும், தங்கள் நோக்கத்துக்கு ஒவ்வாத முதலீட்டை விலக்கும் உரிமை அறங்காவலர்களுக்கு உண்டு, நன்றாக எடைபோட்டுச் செய்திருந்தால் போதும் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது.

இதற்கிடையில் 2014இல் லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் நடந்ததையும் சொல்லவேண்டும். நியூ எரா என்ற குடியிருப்பு, 93 வீடுகள். உழைக்கும் குடும்பங்களுக்குக் குறைந்த வாடகைக்கென்று 1930களில் ஓர் அறக்கட்டளை கட்டியது. அது கைமாறி, ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்தின் பிடிக்குப் போனது. வாடகையைச் சந்தை விலைக்கு ஏற்றுவார்கள் என்று தெரிந்ததும், அங்கே இருந்த பெண்கள் முன்னின்று போராடினார்கள். பிரதமர் இல்லம்வரை மனு போயிற்று. அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் குடியிருப்பை டால்ஃபின் ஸ்கொயர் அறக்கட்டளைக்கு விற்றது. பின்னர் ஒவ்வொரு குடும்பத்தின் வருமானத்தைப் பார்த்து வாடகை நிர்ணயிக்கும் முறையை அவர்கள் கொண்டுவந்தார்கள். ஹில்லிடமும் பீபாடியிடமும் இல்லாத ஒரு விஷயம் இது. வாசலில் நின்றுபோனவர்களை உள்ளே அழைக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

நம் ஊருக்கு வருகிறேன். கோயில் சொத்தும் தருமச் சொத்தும் நம்மிடம் நிறைய. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும், அது நிறுவனத்துக்கு அவசியமானதாகவோ நன்மையானதாகவோ இருக்கவேண்டும் என்கிறது. 34-அ பிரிவு நியாய வாடகை நிர்ணயிக்க ஏற்பாடு செய்கிறது. ஆனால் சந்நிதித் தெருவில் நடப்பது உங்களுக்குத் தெரியும். தாத்தா காலத்தில் பேசிய வாடகை ஒரு கடைக்கு. அந்தக் கடையில் இன்று உட்கார்ந்திருப்பவர் உள்வாடகைக்கு வந்தவர், அவர் கொடுப்பதோ சந்தை வாடகை. நடுவில் இருப்பவருக்கு எஞ்சுவதுதான் கோயிலுக்கு விளக்கெரிக்கவேண்டிய பணம். இதை இரக்கம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. அதே தெருவில், அன்றன்று விற்று அன்றன்று சாப்பிடும் பூக்கார அம்மாவுக்கும் நகைக்கடைக்கும் ஒரே சதுர அடிக் கணக்கைப் போட்டு நோட்டீஸ் அனுப்புவதை நேர்மை என்றும் சொல்லிக்கொள்ளக் கூடாது. யாருக்குக் குறைந்த வாடகை என்று முதலிலேயே முடிவுசெய்து எழுதாத இடத்தில், அந்தச் சலுகை வலுத்தவர் கைக்கே போகிறது.

சொத்தைத் தருமத்துக்கு எழுதிவைக்க நினைப்பவர்களிடம் என் வேண்டுகோள் இது. எவ்வளவு வருமானம் போதும் என்பதைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். சதவீதமாக எழுதினால், வங்கி வட்டி மாறும்போது அதுவும் மாறும்படி எழுதுங்கள். ரிப்பேருக்கு வருவாயில் ஒரு பங்கைத் தனியாகப் பிரித்து, அந்தக் கணக்கைக் குடியிருப்பவர்கள் பார்க்கும்படி வையுங்கள். எந்தக் கடை, எந்த வீடு சந்தை வாடகைக்கு, எது சலுகை வாடகைக்கு, சலுகை யாருக்கு என்று அட்டவணை போடுங்கள். எல்லாவற்றையும்விட, இந்த வரம்பை நாளை யார் மாற்றலாம், யார் மாற்றக்கூடாது என்று எழுதுங்கள்.

இந்தக் கடைசி விஷயத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதற்கு லெச்வொர்த் நகரத்தின் கதை போதும். எபனேசர் ஹோவர்டு பாராளுமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். நிலத்தை ஒரு நிறுவனமே மொத்தமாக வாங்கி நகரம் கட்டவேண்டும், நகரம் வளர வளர ஏறும் நிலமதிப்பு அந்த நகரத்து மக்களுக்கே சேரவேண்டும் என்று 1898இல் ஒரு நூல் எழுதினார். 1903இல் அதற்கென நிறுவனம் தொடங்கி, லண்டனுக்கு வடக்கே ஹார்ட்ஃபோர்ட்ஷயரில் 3,800 ஏக்கர் வாங்கினார்கள். ஈவு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது, மிச்சம் ஊருக்கு என்பது விதி. தொடக்கத்தில் பல ஆண்டுகள் பங்குதாரர்களுக்கு ஈவே கிடைக்கவில்லை. அவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். நகரம் வளர்ந்தது, தோட்டமும் தொழிற்சாலையும் வந்தன, நிலத்தின் மதிப்பு ஏறியது.

ஏறிய மதிப்பு கண்ணில் பட்டபோது, 1950களில், அந்த வரம்பை நிறுவனத்தின் விதிகளிலிருந்து தளர்த்தினார்கள். தளர்த்தும் அதிகாரம் பங்குதாரர்களிடமே இருந்தது. அது நடந்ததும் பங்குகளை வெளியிலிருந்து வாங்கிக் குவிப்பது இலாபமாகிவிட்டது. 1960 முடியும்போது ஹோட்டல் யார்க் என்ற நிறுவனம் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியது. இரண்டு தலைமுறை சேர்த்துவைத்த ஊரின் சொத்து, ஊரைப் பாராதவர்கள் கையில். நகர மக்களும் உள்ளூர் மன்றமும் பாராளுமன்றத்துக்குப் போனார்கள். 1962இல் தனிச் சட்டம் ஒன்று நிறைவேறி, சொத்து முழுவதும் பொதுக் கழகம் ஒன்றுக்கு மாற்றப்பட்டது. 1995இல் அது ஓர் அறநிறுவனமாயிற்று. இன்று லெச்வொர்த்தின் கடைகளிலிருந்தும் தொழிற்கூடங்களிலிருந்தும் வரும் வாடகையில் அந்த நகரத்துக்கு ஒரு திரையரங்கமும் ஒரு சிகிச்சை மையமும் உள்ளூர்ச் சங்கங்களுக்கு மானியமும் நடக்கின்றன. அந்த நிறுவனத்தில் ஈவு வாங்கும் பங்குதாரர் என்று யாரும் இல்லை. வரம்பைத் தளர்த்தி ஓட்டுப் போட இனி ஆளில்லை.